போர்வையில் ஒரு முகம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், பூஜை அறையின் நிலைப்படிக்கு மேலே, கண்ணாடியிட்ட மரச்சட்டத்துக்குள் எங்கள் பாட்டியின் புகைப்படம் ஒன்று தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மல்லிகைச் சரம் சாத்துவதற்காக நாற்காலி போட்டு ஏறுகிறவரைத் தவிர, வேறு எவரும் அந்த முகத்துக்கு இரண்டடி தூரத்துக்குள் செல்வதில்லை. உயிரோடிருந்த காலத்தில் அவள் அப்படி எட்டாத உயரத்தில் இருந்தவள் அல்ல. பேரக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் அவளுடைய பழைய நூல்சேலைதான் தூளி. தூளியை விட்டு இறங்கிய பிறகு, அதே சேலைகளை நாலாக மடித்து ஓரம் தைத்த விரிப்புத்தான் படுக்கை. அவளுடைய வாசனையிலும் அவளுடைய துணியின் மென்மையிலும் உறங்கி வளர்ந்த நாங்கள், அவள் மறைந்த பின்பு அவளை அண்ணாந்து பார்ப்பதற்கு மட்டுமே பழகிக்கொண்டோம்.

என் தங்கைக்கு இது வெகுநாளாக மனத்தில் உறுத்தலாக இருந்திருக்க வேண்டும். மகளுக்குப் பிரசவ காலம் நெருங்கியபோது, பிறக்கப்போகும் சிசுவுக்கென்று ஒரு போர்வை தைக்கத் துணிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தவள், திடீரென்று நிமிர்ந்து, "அண்ணா, பாட்டியைச் சுவரிலிருந்து இறக்கி இந்தப் போர்வைக்குக் கொண்டுவர முடியாதா?" என்று கேட்டாள். புகைப்படத்தைத் துணியில் அச்சிட்டுத் தைக்கும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டென்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அதன் கிரமம் எனக்கு அப்போது தெரியாது. அதற்குப் பின் பல மாதங்கள் அந்த ஒரு கேள்வியின் பின்னாலேயே நாங்கள் இருவரும் சென்றோம். அந்தப் பிரயாசையில் கற்றுக்கொண்டவற்றை, இதே ஆசை உள்ள பிறருக்கு உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அமெரிக்கரும் ஆங்கிலேயரும் 'குயில்ட்' என்று வழங்கும் போர்வை மூன்று அடுக்குக் கொண்டது. மேலே, சிறு சிறு துணித் துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் இணைத்துத் தைத்த ஒட்டுவேலை. நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு. அடியில் ஒரே துணியாலான உட்புறம். இம்மூன்றும் ஒன்றை விட்டு ஒன்று நகராதபடி ஊடுருவிச் செல்லும் நெருக்கமான ஓட்டுத் தையலுக்குத்தான் உண்மையில் அந்தப் பெயர் உரியது. குளிருக்காகத் தோன்றிய பொருளாயினும், மனிதரை நினைவுகூரும் சாதனமாக அது ஆகிவிட்டதற்கு அமெரிக்கச் சரித்திரத்தில் திருஷ்டாந்தங்கள் அநேகம். 1840களில், பால்டிமோர் நகரைச் சுற்றிய பிரதேசங்களில், ஊரை விட்டுச் செல்லும் சிநேகிதிக்காகவோ மணமகளுக்காகவோ ஆளுக்கொரு சதுரம் தைத்து, அதில் அழியாத மையினால் தத்தம் பெயரை எழுதி, எல்லாவற்றையும் இணைத்து ஒரே போர்வையாக்கிக் கொடுப்பார்கள். கையெழுத்துத்தான் அக்காலத்தில் துணியில் ஏற்றக்கூடிய புகைப்படம்.

அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்தில், 1942ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண்மணி, காலமான தம் கணவரின் வேலையுடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார்; வயல் வெயிலில் வெளுத்த நீலமும் சாம்பலும் பழுப்புமான அந்தத் துண்டுகளில் அவருடைய உருவம் எங்கும் இல்லை, ஆனால் அவர் உழைத்த உழைப்பின் தேய்மானம் முழுவதும் இருக்கிறது. அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1987 அக்டோபர் 11ஆம் தேதி, எய்ட்ஸ் நோயினால் மாண்டவர்களுக்காகத் தைக்கப்பட்ட 1,920 துணிப் பலகைகள் வாஷிங்டன் நகரின் பெரும் புல்வெளியில் விரிக்கப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கிளீவ் ஜோன்ஸ் என்பவரின் எண்ணத்தில் உதித்த அந்த நினைவுப் போர்வையில் ஒவ்வொரு பலகையும் 3 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது. ஒரு மனிதனுடைய புதைகுழியின் அளவு அது. அப்பலகைகளில் இறந்தவரின் சட்டை, கடிதம், பொம்மை ஆகியவற்றோடு துணிக்கு மாற்றிய புகைப்படங்களும் இடம்பெற்றன. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அவன் முகத்தைச் சுற்றி ஊசி பிடித்துத் தைக்கும் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தால், இந்தக் கலையைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்ல மனம் வராது.

ஆனால் துணியில் உருவத்தைத் தங்கவைப்பது, கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அப்படியல்ல. காகிதத்தில் அச்சிட்ட படத்தை ஒருவரும் துவைப்பதில்லை. போர்வையோ உடம்பில் உராயும், தண்ணீரில் முழுகும், வெயிலில் காயும். ஆகையால் சாயம் நூலிழையைப் பற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதல்ல என்பதை எண்ணி நான் பெரிதும் மகிழ்ந்தேன். பருத்தியானது பல சாயங்களைத் தானாக ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும், படிகாரத்தை இடையே வைத்தால் சாயவேரின் சிவப்பு அதில் நிரந்தரமாகக் குடியேறிவிடும் என்பதையும் சோழமண்டலக் கரையின் சித்திரத் துணி வேலைக்காரர்கள் பல தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்திய பிறகே அவர்கள் கலம் என்னும் எழுதுகோலைத் தொடுவார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு கசிந்து பரவாமல் காத்து நிற்கும். அவர்கள் கைப்பட்ட பூவிரிப்புகள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. அங்கே அவற்றின் மரங்களையும் பறவைகளையும் கத்தரித்து வெள்ளைத் துணியின் மேல் ஒட்டித் தைத்துப் போர்வை செய்வது ஆங்கிலேயப் பெண்களுக்கும், பின்னர் அமெரிக்கப் பெண்களுக்கும் பெருவிருப்பமாயிற்று. குயில்ட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது. இன்று வீட்டு மேஜைமேல் இருக்கும் அச்சுப்பொறியின் முன்னால் நிற்கிறவரும், பற்றவைப்பது எப்படி, பரவாமல் தடுப்பது எப்படி என்ற அதே இரண்டு கேள்விகளுக்குத்தான் விடை தேடுகிறார்.

அச்சுப்பொறிகளில் மையைத் துளித்துளியாகப் பீய்ச்சும் இங்க்ஜெட் வகைதான் இதற்கு ஏற்றது. லேசர் வகையில் மைத்தூளை உருக்குவதற்காகச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூடேறும் உருளை ஒன்று உள்ளே இருப்பதால், துணியைத் தாங்கச் செல்லும் பசையோ மெழுகோ அங்கே உருகிப் பொறியையே பாழாக்கிவிடக்கூடும். இங்க்ஜெட்டிலும் மை இரண்டு ஜாதி. ஒன்று தண்ணீரில் முழுமையாகக் கரைந்த சாய மை. மற்றொன்று கரையாத நுண்துகள்கள் மிதக்கும் நிறமி மை. சாய மை பிரகாசமானது, ஆனால் தண்ணீர் பட்டால் வந்த வழியே போய்விடும். நிறமி மை இழையின்மேல் படிந்து நிற்பதால் தண்ணீருக்கு அஞ்சுவதில்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும், ஆனால் ஓயாத உராய்வில் தேயும். நம் வீடுகளில் இப்போது பரவலாக உள்ள இங்க்-டேங்க் பொறிகள் பலவற்றில் கறுப்பு மட்டும் நிறமியாகவும் மற்ற மூன்று வண்ணங்கள் சாயமாகவும் இருப்பது சாதாரணம்.

இதை அறியாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதல் தடவை, பாட்டியின் படத்தை அழகாக அச்சிட்டு, ஒரு நாள் உலரவிட்டு, பரபரப்போடு தண்ணீரில் முக்கினோம். சாம்பல் நிழலைப் பொறியானது மூன்று வண்ணங்களையும் கலந்து உண்டாக்கியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணின் மணியும் புருவமும் கூந்தலின் கருமையும் அப்படியே நிற்க, கன்னத்தின் நிழல்கள் மட்டும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பிரிந்து துணியெங்கும் பரவிவிட்டன. தங்கை அந்தத் துணியைக் கசக்கி எறிய மறுத்து, மடித்துத் தையல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சாய மையை நிலைநிறுத்துவதற்கு மருந்து இருக்கிறது. பருத்தியும் சாய மையும் தண்ணீரில் ஒரே வகையான, அதாவது எதிர்மின் ஊட்டம் பெறுவதால், அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. நேர்மின் ஊட்டமுள்ள ஒரு ரசாயனத்தைத் துணியில் முன்கூட்டியே ஏற்றிவிட்டால் அது இடையில் நின்று இரண்டையும் கட்டிப்போடும். படிகாரம் செய்த பணியை வேறொரு வழியில் இது செய்கிறது என்று கொள்ளலாம். இந்த நோக்கத்துக்காகவே அமெரிக்கத் தையற்காரிகள் நெடுநாளாக உபயோகிக்கும் திரவம் பபுள் ஜெட் செட் 2000 என்பது. துணியை அதில் ஐந்து நிமிஷம் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி அச்சிடுவார்கள். இவ்வாறு பதப்படுத்தி, காகித முதுகு ஒட்டியே விற்கப்படும் துணித் தாள்களும் உண்டு. இவற்றுள் எதுவும் அகப்படாதவர்கள், எல்லா வண்ணமும் நிறமி மையாக உள்ள பொறி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, பதப்படுத்தாத துணியிலேயே அச்சிட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் சுலபம். நாங்கள் இறுதியில் செய்தது அதுதான்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. நூற்றுக்கு நூறு பருத்தியாக, நெருக்கமான நெசவுடன், நல்ல வெண்மையாக இருக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் உயர்ந்த ரகப் பாப்ளின் போதும். காடாத் துணியின் பழுப்பு நமக்குப் பிரியமானதுதான். ஆனால் வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது, படத்தின் வெண்மை முழுவதும் துணியின் வெண்மையே ஆகையால், பழுப்புத் துணியில் விழும் முகம் காமாலை கண்டது போலாகிவிடும். புதுத் துணியில் உள்ள கஞ்சி மையை உள்ளே விடாது. ஒரு தடவை நன்றாக அலசி, மணத்துக்கும் மென்மைக்கும் போடும் திரவம் எதுவும் சேர்க்காமல் உலர்த்தித் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

மெல்லிய துணி பொறிக்குள் தானாக நடந்து செல்லாது; அதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். அமெரிக்காவில் இறைச்சியைப் பொதிந்து குளிர்ப்பெட்டியில் வைப்பதற்கென்று ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய கெட்டிக் காகிதம் சமையலறைகளில் இருக்கும்; அதன் பளபளப்பான பக்கத்தைத் துணியோடு வைத்து இஸ்திரி போட்டால் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. எழுதுபொருள் கடையில் வெட்டுக்கோடு இல்லாத முழு ஏ4 ஸ்டிக்கர் தாளை வாங்கி, அதன் பசைமேல் துணியைச் சுருக்கமின்றி அழுத்தி ஒட்டி, தாளின் ஓரத்தோடு ஓரமாகக் கூர்மையான கத்தியால் வெட்டிக்கொள்ளலாம். பிசிறு நூல் ஒன்றுகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அது மை பீய்ச்சும் தலையில் சிக்கினால் பொறிக்கே ஆபத்து. முதலில் உள்ளே நுழையும் விளிம்புக்கு மெல்லிய செல்லோ டேப் ஒட்டுவதும், தாள் வளைந்து திரும்பும் முன்தட்டை விட்டுவிட்டு நேராக இறங்கும் பின்தட்டில் வைப்பதும் நலம். அச்சான பிறகு ஒரு முழு நாள் உலரவிட்டு, காகிதத்தை உரித்து, நீராவி இல்லாத இஸ்திரியால் ஒருமுறை சூடுகாட்டி, பின்பு நிறையக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். பிழியவோ மடித்துப் போடவோ செய்யாமல், வெள்ளைத் துவாலையின்மேல் பரப்பியே உலர்த்த வேண்டும்.

இனி, படத்தைப் பற்றி. பாட்டியின் புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஸ்கேன் செய்த உடனேயே மூலத்தைத் திரும்பவும் அதன் இடத்தில் மாட்டிவிட்டோம். மூலப்படத்தை இந்த வேலையில் மேஜைமேல் கிடக்கவிடுவது மகாபாவம் என்பது என் அபிப்பிராயம். துணியின் நெசவு காகிதத்தைப் போல் வழவழப்பானதல்ல. ஆகையால் அங்குலத்துக்கு 200 முதல் 300 புள்ளிகள் இருந்தாலே போதும். அதற்குமேல் எவ்வளவு நுட்பம் சேர்த்தாலும் இழைகளுக்கிடையே அது மறைந்துபோகும். மை துணிக்குள் இறங்கிவிடுவதால் வண்ணங்கள் திரையில் கண்டதைவிட மங்கலாகவே விழும். ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள பேதத்தைச் சற்று மிகைப்படுத்தி வைக்க வேண்டும். குழுவாக எடுத்த கல்யாணப் புகைப்படங்களில் முகங்கள் மிளகு அளவில் இருக்கும். அப்படிப்பட்ட படத்தை முழுவதும் அச்சிடுவதைவிட, அதிலிருந்து இரண்டே முகங்களைப் பிரித்தெடுத்துப் பெரிதாக்குவது சிறந்தது.

முகங்கள் மட்டுமல்ல, கையெழுத்தும் துணியில் அற்புதமாகப் பதிகிறது. சொல்லப்போனால், இந்த முயற்சியில் எங்களை அதிகமாக நெகிழவைத்தது பாட்டியின் முகம் அல்ல, அவள் எழுதிய இன்லண்ட் கடிதம் ஒன்று. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய அவள் புள்ளிகளை வைக்க மாட்டாள். வரிகள் வலப்பக்கம் போகப் போகக் கீழே சரியும். இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காகத் திருப்பி, மாடு கன்று ஈன்ற செய்தியை எழுதியிருக்கிறாள். கடிதத்தின் நீலப் பின்புலத்தைக் கணினியில் வெளுக்கவைத்து, எழுத்தை மட்டும் கறுப்பாக நிறுத்தி அச்சிட்டோம். துணியில் அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிய தங்கை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வெறும் கறுப்பு எழுத்தாகையால், இதற்குப் பெரும்பாலான வீட்டுப் பொறிகளில் உள்ள கறுப்பு நிறமி மையே போதுமானது. படத்தை ஏற்றத் தயங்குகிறவர்கள் கடிதத்திலிருந்து தொடங்கலாம். சமையல் குறிப்பு, குழந்தை முதன்முதலில் கிறுக்கிய சித்திரம் எதுவானாலும் சரி.

அச்சுப்பொறியே இல்லாமல் சூரியனைக் கொண்டு அச்சிடும் வழி ஒன்றும் இருக்கிறது, அதன்மேல் எனக்குத் தனிப்பிரியம். 1842ஆம் ஆண்டில் ஆங்கிலேய வான சாஸ்திரி ஜான் ஹெர்ஷெல் கண்டுபிடித்த நீலப்பட முறை அது. மறுவருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற மாது கடற்பாசிகளை அவ்வாறு பதிவுசெய்து வெளியிடத் தொடங்கிய நூலைத்தான் புகைப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூலாகக் கருதுகிறார்கள். பெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் ஒரு பாத்திரத்திலும், பொட்டாசியம் பெரிசயனைடு 10 கிராம் மற்றொன்றிலும், தனித்தனியே 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, இருட்டறையில் இரண்டையும் சம அளவு கலந்து பருத்தித் துணியில் பூசி உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட நெகட்டிவையோ, ஒரு வேப்பிலைக் கொத்தையோ அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடத்தில் இரும்பு மாறுதலடைந்து பிரஷ்ய நீலம் என்னும் கரையாத வண்ணமாகிறது. மறைந்த இடத்து மருந்து தண்ணீரில் அலசப் போய்விடும். பத்து முதல் இருபது நிமிஷம் வெயில் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வெயிலுக்கு வெயில் வித்தியாசம் உண்டாகையால் சிறு துண்டு ஒன்றில் பரீட்சித்துப் பார்த்துக்கொள்வது உத்தமம். கையுறை அவசியம், சமையல் பாத்திரங்கள் கூடாது, பெரிசயனைடோடு வீரியமான அமிலம் எதுவும் சேரவே கூடாது.

அந்த நீலத்துக்குச் சத்துரு துவைக்கும் சோடா. நம் சலவைத் தூள்கள் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை. ஒரு முறை ஊறவைத்தாலும் நீலம் வெளிறி மஞ்சளாகிவிடும். வேண்டுமென்றே அப்படிச் சோடாவில் வெளுக்கவைத்து, பின்பு கெட்டியான தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டு, பழுப்பும் கறுப்புமான படமாக மாற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கருமை பிறக்கும் இந்த வித்தை, இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரைக் கடுக்காய் ஏறிய துணியில் தீட்டிக் கருங்கோடு இழுக்கும் நம் கலம்காரிக்காரரின் வித்தையேதான்.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. படத்தைச் சுற்றி கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். முன்யோசனையோடு அதற்கு மேலும் சற்று வெற்றிடம் விட்டு அச்சிடாவிட்டால் உச்சந்தலையோ காதோ மடிப்புக்குள் மறைந்துவிடும். அச்சிட்ட துணியில் ஊசித்துளை விழுந்தால் ஆறாது. ஆகவே புதிய, மெல்லிய ஊசியை மாட்டிக்கொண்டு, பிரித்துத் தைக்க நேராதபடி நிதானமாகச் செல்ல வேண்டும். மூன்று அடுக்கையும் இணைக்கும் ஓட்டுத் தையலை முகத்தின் குறுக்கே ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தலையும் தோளும் ஆன வெளிவரையைச் சுற்றி ஒரு வரிசை தைத்துவிட்டால், பஞ்சின் பருமனால் முகம் சற்றே எழும்பி, மூச்சு விடுவது போல் நிற்கும். எங்கள் போர்வையில் பாட்டியின் சதுரத்தைச் சுற்றி, அவளுடைய அரக்குச் சேலையொன்றில் கிழியாமல் மிஞ்சியிருந்த கரையை வைத்துச் சட்டமிட்டோம்; மரச்சட்டத்துக்குப் பதிலாக அவளுடைய கரையே அவளுக்குச் சட்டமாயிற்று. அச்சு முகத்தில் குழந்தையின் வாய் படாதபடி அந்தச் சதுரத்தைக் கால்மாட்டில் வைக்கலாமென்று நான் சொன்னேன். காலில் பாட்டியை வைப்பதா என்று தங்கை கோபித்துக்கொண்டாள். நெஞ்சுக்கு நேராக, நடுவில் வைப்பதென்று முடிவாயிற்று.

துவைப்பதற்குக் குளிர்ந்த நீரும் மிதமான சோப்பும் மட்டும். முறுக்கக் கூடாது, வெளுப்பு மருந்து கூடாது, நிழலிலேயே உலர்த்த வேண்டும். இவ்வளவு ஜாக்கிரதையிலும் ஒளி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும் என்பதால், எவ்வளவு காலத்தில் எவ்வளவு மங்கும் என்று கண்டறிய ஒரு பரிசோதனை வைத்திருக்கிறோம். உபரிப் பிரதி ஒன்றைப் பாதி அட்டையால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைப்பதுதான் அது. பாட்டியின் முகத்தை வெயிலில் வாட்டத் தங்கை சம்மதிக்கவில்லை, கடிதத்தையும் கொடுக்கவில்லை. கடைசியில், பாட்டி வாழ்ந்த பழைய வீட்டின் கிணற்றடிப் படம் ஒன்றை அச்சிட்டு ஒட்டினோம். தை மாதம் ஒட்டியது. ஆவணி பிறந்ததும் அட்டையை எடுத்துப் பார்த்தோம். வெயில் பட்ட பாதியில் துளசி மாடம் லேசாக வெளுத்திருக்கிறது, மூடியிருந்த பாதியில் ராட்டினமும் கயிறும் அப்படியே இருக்கின்றன. அட்டையைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, அன்றைய தேதியை அதன்மேல் பென்சிலால் குறித்தோம்.